டாக்டரம்மாவின் பாம்புத் தோட்டம்

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சுப் பெண்களே, போன வாரம் உங்கள் தோட்டத்தை வந்து பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. வழவழவென்று பாதை, சக்கர நாற்காலி இறங்கச் சரிவு, சுவரில் யானையும் மயிலும். எந்த நிறப் பூவைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கு மனம் தேறும் என்று உங்களில் ஒருத்தி எனக்கு வெகுநேரம் விளக்கினாள். நானும் தலையாட்டினேன். வயதானவர்கள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எனக்குத் தெரிந்த முதல் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் யானையும் இல்லை, மயிலும் இல்லை. பாம்பு இருந்தது. அதுவும் தொடக்கத்தில் இல்லை, பிறகுதான் வந்தது. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பாம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது இரண்டாம் உலகப் போர்க்காலம். தருமபுரிக்கு மேற்கே, ஒகேனக்கல் போகிற சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அந்தப் பக்கமெல்லாம் அன்றைக்குச் சேலம் ஜில்லா. நான் நல்லம்பள்ளிப் பக்கத்துக்காரி. காட்டுவேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, எப்படியோ நர்சுப் படிப்புப் படித்து, அங்கே வந்து சேர்ந்திருந்தேன். எங்களுக்குப் பெரியவர் ஒரு டாக்டரம்மா. கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்து சென்னையில் படித்தவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

குழந்தைகளுக்கென்று தனி வார்டு கிடையாது. பின்பக்க வராந்தாவில் சில கட்டில்களைப் போட்டு, தட்டி கட்டி மறைத்திருந்தோம். அந்த வராந்தாவுக்கு நேர் எதிரே பிணக்கொட்டகை. ஒருநாள் டாக்டரம்மா ஒரு காலிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எதிரே பார்த்தார். அவருக்கு மலேரியா காய்ச்சல் பிடித்துவிட்டதோ என்று நாடி பார்க்கப் போனேன்.

“இதையே பார்த்துண்டு படுத்திருந்தா நானே எழுந்திருக்க மாட்டேன். குழந்தைகளை என்ன சொல்றது?” என்றார்.

மறுநாளே தோட்டம் ஆரம்பமாகிவிட்டது. தோட்டக்காரர் மாரப்பன். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் சேந்தி ஊற்றுகிற வேலையில் இருந்தவர், ஒரே நாளில் தோட்டக்காரர் ஆனார். டாக்டரம்மா ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று சொல்லச் சொல்ல, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“பூத்துக்கினே இருந்தா என்னாங்க பண்றது? காய்ச்சாத்தான ஆவும்” என்றார்.

“மாரப்பா, எனக்குப் பூ வேணும். கொட்டகை கண்ணுல படக்கூடாது.”

அவர் கேட்டுக்கொண்டார். ரோஜாவும் செம்பருத்தியும் வைத்தார். கொட்டகை கண்ணில் படாமல் இருக்க அதன் கூரைமேல் பூசணிக் கொடியை ஏற்றிவிட்டார். அது பிணக்கொட்டகைக் கூரையில் கிடந்து அப்படிக் காய்த்தது. ஒரு காயைத் தொட ஊரில் ஆள் இல்லை.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோளாறு டாக்டரம்மாவின் கன்னடத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. எல்லைக்கு அருகேயிருந்து வருகிற பெண்கள் சிலருக்குத் தமிழே வராது. மற்றவர்கள் இரண்டும் பேசுவார்கள். நோயாளியிடம் நோயாளியின் பாஷையில்தான் பேசவேண்டும் என்பது டாக்டரம்மாவின் பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான். காதால் கேட்டே கொஞ்சம் கன்னடம் பிடித்துவைத்திருந்தார். அதைத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களிடமும் பேசுவார். அவர்களும் பாவம், மரியாதைக்காகக் கன்னடத்திலேயே பதில் சொல்வார்கள்.

கன்னடத்தில் பூவுக்கு ஹூவு என்று பெயர். பாம்புக்கு ஹாவு. டாக்டரம்மா வாயில் பூவும் ஹாவு என்றுதான் வந்தது.

கட்டில் கட்டிலாகப் போய்த் தாய்மார்களிடம் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார்: “ஹாவு தோட்டக்கெ ஹோகி. மக்களிகெ ஒள்ளேது.” பூந்தோட்டத்துக்குப் போங்கள், குழந்தைகளுக்கு நல்லது என்று அவர் நினைப்பு. பாம்புத் தோட்டத்துக்குப் போங்கள், குழந்தைகளுக்கு நல்லது என்று அவர்கள் காதில் விழுந்தது. டாக்டரம்மா சொன்னால் காரணம் இல்லாமல் இருக்குமா? யாரும் மறுத்துப் பேசவில்லை. குழந்தைகளை வெளியே அனுப்பவும் இல்லை.

நான் காலையில் புண் கட்டுகிற அறையில் இருப்பேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தோட்டம் போட்டும் ஒரு குழந்தையும் இறங்கவில்லையே என்று நானும் டாக்டரம்மாவும் விழித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ரோஜாச் செடி அடியில் புளித்த வாடை வர ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் மண்ணில் பால் ஊற்றியிருக்கிறது. மஞ்சள், குங்குமம். பக்கத்தில் கோழிமுட்டை, உடையாமல் ஒழுங்காக வைத்தது. குழந்தைகளுக்கென்று நாங்கள் கொடுக்கிற பாலில் பாதி அங்கே போய்க்கொண்டிருந்தது.

செடிக்கு வியாதியா என்று மாரப்பனைக் கேட்டேன்.

“நாகருக்குங்க. கடிக்காம இருக்கோணுமில்ல, அதுக்கு ஊத்தறாங்க” என்றார், எனக்குத் தெரியாதது அவருக்கு ஆச்சரியம் என்பதுபோல.

“எந்த நாகரு?”

“டாக்டரம்மா கொண்டாந்து வுட்டதுங்க.”

டாக்டரம்மா கட்டில் கட்டிலாகச் சொன்ன ‘ஹாவு தோட்டக்கெ’யை அவர் சொல்லிக் காட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. பெண்களே, இதற்குப் பெயர்தான் சங்கடம். மேலே இருப்பவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்கிறார், அதனால் வார்டே தலைகீழாக நிற்கிறது, போய்ச் சொல்லியாக வேண்டும். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் பால் தீர்ந்துவிடும். அன்று மத்தியானமே அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, “சொன்னது நல்லது. இப்பவே சரி பண்ணிடறேன்” என்று எழுந்தார். என் எதிரே ஹூவு, ஹூவு என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். குயில்போல வந்தது.

கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் பழையபடி ஆகிவிட்டது. தப்பைத் திருத்துகிற அவசரத்தில் வாய் தன் வழக்கத்துக்கே போய்விட்டது. ஒவ்வொரு தாயிடமும் விரலை ஆட்டி ஆட்டி அழுத்தமாகச் சொன்னார்: “ஹாவு அல்ல. ஹாவு.”

பாம்பு இல்லை, பாம்பு. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் ரோஜா அடியில் ஊற்றியதுபோலவே செம்பருத்தி அடியிலும் பால் ஊற்றியிருந்தது. இன்னொரு பாம்பும் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் என் அரைகுறைக் கன்னடத்தில் சரியாகச் சொல்லிப் பார்த்தேன். “சரிங்க நர்சம்மா” என்றார்கள், பாலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே. டாக்டர் சொன்னதை நர்சு மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் கெம்பி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஏழு வயசு இருக்கும். புளியமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்தவள். எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது, வலியும் இல்லை. ஆனால் அந்தக் காலைத் தரையில் வைக்கமாட்டாள். நிற்க வைத்தால் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்பாள். அந்தக் கால் நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் முட்டி இறுகிவிடும், அப்புறம் எந்தத் தோட்டமும் உதவாது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அவளுக்குத் தாய் இல்லை. அப்பா சென்னப்பா கூடவே இருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். நெடுநெடுவென்ற உழவர். மகளைத் தரையில் விட்டால்தானே அவள் காலை ஊன்றுவாள்? விடவே மாட்டார். கக்கூசுக்குத் தூக்கிப் போவார், கிணற்றடிக்குத் தூக்கிப் போவார், தூக்கிக்கொண்டே சாப்பிடுவார். நான் எவ்வளவோ சண்டை போட்டேன்.

“இப்படியே தூக்கிட்டிருந்தா எப்படிங்க நடப்பா?”

“நடக்காட்டிப் போவுதுங்க. நான் இருக்கற வரைக்கும் தூக்கறேன்.”

“நீங்க போன பிற்பாடு?”

அவர் மகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஆள்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. ராகி அறுப்பு வந்துவிட்டது, வாரக் கடைசியில் வூட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். கூட்டிப் போவது என்றால் தூக்கிப் போவதுதான்.

மற்ற குழந்தைகளெல்லாம் பாம்புக்குப் பயந்து வராந்தாவை விட்டு இறங்காதபோது, கெம்பி மட்டும் பாம்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். படுத்துப் படுத்து அலுத்துப்போன குழந்தை. தினமும் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு தோட்டத்தைச் சுற்றி வருவாள். மேலேயிருந்து செடிகளைக் குனிந்து குனிந்து பார்ப்பாள்.

“நர்சம்மா, பாம்பு எங்க?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ‘கீழே இறங்கித் தேடினால் தெரியும்’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வார்டில் ஒரு குழந்தையிடம் ஒருமுறை பொய் சொன்னால், அடுத்த முறை ‘வலிக்காது’ என்று சொல்லும்போது அது நம்மை நம்பாது. “பாம்பு இல்ல கண்ணு, பூதான் இருக்குது” என்றேன்.

“டாக்டரம்மா சொன்னாங்களே. அவங்க பொய் சொல்வாங்களா?”

“தெரியாம மாத்திச் சொல்லிட்டாங்க.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், டாக்டரம்மாமேல் பழி போடுகிற கெட்ட நர்சு நான்தான் என்பது தெளிவாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். வெள்ளைக் கால்சட்டை, மின்னுகிற பூட்ஸ், கையில் பிரம்பு. யுத்தகாலம் என்பதால், காலி இடத்திலெல்லாம் உணவுப்பயிர் போடவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் எங்கள் மருந்து அலமாரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தோட்டத்துக்கு வந்தார். கொட்டகைக் கூரையில் பூசணியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“சபாஷ். இதுதான் தோட்டம். இந்த ரோஜா, மண்ணாங்கட்டியெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் பிடுங்கிட்டுக் கத்தரி போடுங்க.”

“குழந்தைகளுக்காகப் போட்டது சார்” என்றார் டாக்டரம்மா.

“குழந்தை எங்கே? ஒண்ணையும் காணோமே.”

உண்மைதான். ரோஜா பக்கத்தில் அப்பா இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த கெம்பியைத் தவிர அங்கே ஒரு குழந்தையும் இல்லை. தாய்மார்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பெரிய டாக்டர், “இதோ பாருங்க, எவ்வளவு இடம் வீண்” என்று பிரம்பை ரோஜாப் புதருக்குள் விட்டுக் கிளறினார்.

பாம்பு வெளியே வந்தது.

ஆள் நீளம். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். முட்டைக்கும் பாலுக்கும் எலி வந்திருந்தது, எலிக்கு அது வந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் இதெல்லாம் யாருக்குத் தோன்றும்? பெரிய டாக்டர் பக்கத்திலிருந்த கல் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டரம்மா அவர் பக்கத்தில் ஏறி நின்றார். மாரப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வராந்தாவில் இருந்த தாய்மார்கள் ஓடவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள். இவ்வளவு நாள் பால் வாங்கிக் குடித்தவர் தரிசனம் தந்துவிட்டார் அல்லவா?

சென்னப்பாவும் கும்பிட்டார். நாகர் எதிரே வந்தால் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பவேண்டும். ஒரு கையால் கும்பிடுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. கையில் மகள் இருந்தாள். அந்த மனிதர் ஒரு கணம்கூட யோசிக்காமல் மகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இறக்கி விட்டதும் கெம்பி பாம்பை நோக்கிப் போனாள்.

மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், அவள் மட்டும் முன்னால் போகிறாள். அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, விந்தி விந்தி, ஆனால் ஊன்றி. ‘நில்லுடீ’ என்று கத்தவேண்டிய நான், “நடக்கறா” என்று கத்தினேன்.

நான் ஒன்றும் பொறுப்பில்லாதவள் இல்லை. காட்டில் வளர்ந்தவள், பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அது சாரை. விஷம் கிடையாது, மனுஷர்களைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும். ‘பயப்படாதீங்க, சாரைதான்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? சென்னப்பா கையை இறக்குவார். இறக்கிய கை நேரே மகளிடம் போகும். அவருடைய கை அந்தரத்தில் இருந்தால்தான் அவள் கால் தரையில் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவளுக்குப் பின்னாலேயே, தொடாமல், ஒரு எட்டில் பிடிக்கிற தூரத்தில் போனேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் எடுத்த பெரிய முடிவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்: ஒன்றும் செய்யாமல் கூடவே போனது.

சென்னப்பா கண்ணைத் திறந்தார். மகள் பாம்புக்குப் பின்னால் போவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் பாய்ந்தார். அப்போது பெஞ்சின்மேலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

“முட்டபேடி.”

தொடாதீர்கள் என்று அர்த்தம். அவர் பேசி நான் கேட்ட கன்னடத்தில் ஒரு பிழையும் இல்லாத வார்த்தை அது ஒன்றுதான். சென்னப்பா அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையும் முன்னால் நீண்டபடி, மகளைத் தொடாமல்.

பாம்பு மதில் ஓரத்துப் பொந்துக்குள் போய் மறைந்தது. கெம்பி அதுவரைக்கும் நடந்து போய், குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு திரும்பி என்னிடம், “இல்லேன்னு சொன்னீங்களே” என்றாள். அதன்பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம், எதன்மேல் நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அப்பாவும் அழுதார். நானும்தான் அழுதேன், அதற்கென்ன.

உண்மையைச் சொன்ன நான் பொய்க்காரி ஆனேன். வார்த்தை தவறிய டாக்டரம்மா சொன்னது பலித்துவிட்டது. வார்டில் இப்படியும் நடக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டாக்டர் பெஞ்சிலிருந்து இறங்கிக் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். புதரை வெட்டச் சொல்லி மாரப்பனைப் பார்த்தார்.

“வேற யாரையாச்சும் வெட்டச் சொல்லுங்க சாமி. என் கை அதுமேல படாது” என்றார் மாரப்பன், தரையில் கிடந்தபடியே.

வேறு யாரும் வரவில்லை. தாய்மார்கள் வராந்தாவை விட்டு இறங்கி வந்து ரோஜாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்களோடு அவர்கள் குழந்தைகளும் இறங்கி வந்தார்கள். கையில் கட்டு, தலையில் கட்டு, வயிற்றில் கட்டு. ஆள் ஆளுக்குப் பொந்தை எட்டிப் பார்த்தார்கள். தோட்டம் நிறையக் குழந்தைகள். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டார்.

“சரி, இது இருக்கட்டும். பூசணியை இன்னும் அதிகமாப் போடுங்க” என்று பெரிய டாக்டர் கிளம்பினார். போகும்போது கூரையில் இருந்ததிலேயே பெரிய காயை மாரப்பன் பறித்து அவர் காரில் வைத்தார். அது எந்தக் கூரை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சேலத்தில் அன்று ராத்திரி சாம்பார் நன்றாகவே இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கெம்பி தினமும் பொந்து வரைக்கும் நடந்து போய்ப் பார்ப்பாள். நான் கூடப் போவேன், தொடமாட்டேன். வாரக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார்கள். சென்னப்பா கடைசியாக ஒருதடவை ரோஜாவுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தார். டாக்டரம்மா வாசல் வரைக்கும் வந்து, மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

“ஹாவு சென்னாகித்தா?”

பாம்பு நன்றாக இருந்ததா? சென்னப்பா நெகிழ்ந்துபோய், “தும்ப சென்னாகித்து தாயி”, ரொம்ப நன்றாக இருந்தது தாயே என்று கும்பிட்டார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “பார்த்தியா, இப்ப சரியாச் சொல்றேன். பூன்னா யாருக்குத்தான் பிடிக்காது?” என்றார். நான் தலையாட்டினேன்.

பஸ் வந்தது. அன்றைக்குப் பெட்ரோல் ஏது? பின்னால் அடுப்பு வைத்து, கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேடு கண்டால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியைத் தாண்டினதுமே ஒரு ஏற்றம், அங்கே போய் நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். நாங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னப்பா இறங்கினார். பின்னாலேயே கெம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரோட்டில் நின்றாள்.

கண்டக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு, “அட, நீ பஸ்ஸை வுடுய்யா. புள்ளையத் தூக்கிக்க” என்றார்.

“எதுக்குங்க? அவ நடப்பா” என்று சொல்லிவிட்டு, சென்னப்பா இரண்டு கையையும் பஸ்ஸின் முதுகில் வைத்துத் தள்ள ஆரம்பித்தார்.